விளையாட்டு யாருக்காக?

"கலை யாருக்காக?" என்ற வினா நம்மிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவது. கலை கலைக்காகவே என்போரை மறுத்து, சமுதாயத்தினின்றும் பிறக்கும் கலை சமுதாயத்துக்கே உரியது என முற்போக்காளர் வாதிட்டனர். அவ்வாதத்தின் அடிப்படை சரியானதே. ஆயின் அதே வினாவை விளையாட்டைப் பற்றி எழுப்பும்போது ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. "விளையாட்டு விளையாட்டுக்காக அன்று, அது நாட்டுக்குப் பயன்படல் வேண்டும்" என்று உரத்த குரலில் முழங்கியோர் வரலாற்றில் இருந்துள்ளனர். அவர்கள் முற்போக்காளர் அல்லர். பாசிசவாதிகளும் படைவெறியருமே அவ்வாறு முழங்கினர். சொல்லளவில் நமது கூற்றும் அவர்களது கூற்றும் ஒன்றுபோலத் தோன்றுமாயின், வேறுபாடு எங்கே உள்ளது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது நமது கடமையாகும்.

இதனைப் பொதுப்படப் பேசுவதிலும் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வது பயனுடையது. 1942ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, டோக்கியோ நகரின் கொராக்குவென் விளையாட்டரங்கில் நகோயா அணிக்கும் தாய்யோ அணிக்கும் இடையே நடைபெற்ற பேஸ்போல் ஆட்டமே அந்நிகழ்ச்சி.

கிரிக்கெற் ஆட்டத்துக்குப் பழகிய நமக்குப் பேஸ்போல் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். ஒவ்வொரு சுற்றிலும் இரு அணிகளும் மாறிமாறித் துடுப்பெடுத்தாடும். மூவர் ஆட்டமிழந்ததும் மற்ற அணியின் முறை வரும். ஒன்பது சுற்றுகளுடன் ஆட்டம் முடிவடைய வேண்டும். ஓட்டங்கள் சமமாயிருப்பின் மேலதிகச் சுற்றுகள் தொடரும். கிரிக்கெற்றிற் போலப் பலர் மாறிமாறிப் பந்து வீசுவதில்லை. ஒருவரே எறிவார், அவர் களைத்தபின் அல்லது தடுமாறியபின் இன்னொருவர் அவரிடத்துக்கு வருவார். எனவே ஆட்டத்தின் பெருஞ்சுமை பந்தெறிவாளரின் ஒரு கையிலேயே தங்கியுள்ளது.

அன்று அதே அரங்கில் நடந்த மூன்று ஆட்டங்களுள் இது மூன்றாவது. ஒன்பதாவது சுற்றின் பிற்பாதிவரை தாய்யோ அணி நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் முன்னணியில் நின்றது. இருவர் ஆட்டமிழந்துவிட்டனர், இன்னும் ஒருவர் வீழ்ந்தால் எல்லாம் முடிந்துவிடும். அந்நிலையில் நகோயா அணியின் புருகாவா பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து ஈரோட்டங்களைப் பெற்றுக்கொடுத்தார். கணக்குச் சமமாயிற்று. அதன்பின் பத்தாவது சுற்றிலிருந்து இருபத்தெட்டாவது சுற்றுவரை, பத்தொன்பது சுற்றுகளில், இரு அணிகளுள் எதுவும் ஓர் ஓட்டந்தானும் பெறவில்லை. பொழுது சாய்ந்து பந்து கண்ணுக்குப் புலப்படாத நிலை வந்ததும் ஆட்டம் நிறுத்தப்பட்டது. முடிவு: நான்குக்கு நான்கு. கழிந்த நேரம் 3 மணி 47 நிமிடம். தாய்யோ அணியின் ஜிரோ நொகுச்சி 344 பந்துகளையும், நகோயா அணியின் மிச்சியோ நிஷிசாவா 311 பந்துகளையும் எறிந்தனர். முதற் பந்திலிருந்து இறுதிப் பந்துவரை இருவரும் தத்தம் இடத்தை வேறெவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நொகுச்சிக்கு அப்போது வயது 23, நிஷிசாவாவுக்கு 20. நூறு பந்துகளை அண்மியதும் பந்தெறிவாளரை மாற்றுவது வழக்கமாகிவிட்ட இக்காலத்தில் அவ்வெண்கள் நம்பற்கரியனவாகத் தோன்றும்.

இனி இவ்வாட்டம் நிகழ்ந்த காலத்தை நோக்குவோம். அதற்குச் சரியாக ஏழு வாரங்களுக்கு முன்னர், ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. ஏப்ரல் 18ஆம் திகதி அமெரிக்க விமானங்கள் பதினாறு முதன்முறையாக டோக்கியோவையும் வேறு சில நகரங்களையும் தாக்கின. ஆட்டம் நடந்து பதினொரு நாட்களின் பின், ஜூன் 4ஆம் திகதி, மிட்வே கடற்போர் தொடங்கியது. கொழும்பைத் தாக்கிய விமானங்களைச் சுமந்து வந்த கப்பல்களுள் அக்காகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் அப்போரில் அழிந்தன. நமது துறைமுகங்களிலும் டோக்கியோ நகரத்தின் வீதிகளிலும் மனிதர் வானத்தை அச்சத்துடன் நோக்கிய அதே இளவேனிலில்தான் கொராக்குவென் அரங்கில் மக்கள் ஒரு பந்தின் போக்கை நோக்கிக்கொண்டிருந்தனர்.

இதனை வெறும் முரண்பாடெனக் கூறி அப்பாற் செல்வது எளிது. ஆயின் அவ்வரங்கு போருக்கு வெளியே இருந்ததன்று. 1872ஆம் ஆண்டளவில் அமெரிக்க ஆசிரியரொருவரால் யப்பானிய மாணவர்க்கு அறிமுகஞ் செய்யப்பட்ட விளையாட்டுப் பேஸ்போல். பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வேரூன்றிப் பின் 1936இல் அது ஊதியம் பெறும் ஆட்டக்காரரைக் கொண்ட தொழின்முறை அமைப்பாக வளர்ந்தது. பகை நாட்டின் விளையாட்டு என்ற ஐயம் அதன்மீது விழுந்தது. 1940இல் அணிகளின் ஆங்கிலப் பெயர்கள் நீக்கப்பட்டன. ஆட்டக்காரர் படைவீரரைப் போலக் கைக்குண்டெறியும் போட்டிகளில் ஈடுபடுத்தப்பட்டனர். 1943இல் நடுவரின் வாயிலிருந்த ஆங்கிலச் சொற்களும் அகற்றப்பட்டன. ஆட்டக்காரர் தப்பினார் என்பதற்கு "யோஷி" என்றும், ஆட்டமிழந்தார் என்பதற்கு "ஹிக்கே" என்றும் கூற வேண்டியதாயிற்று. உடை காக்கி நிறமாயிற்று. தொப்பி படையினரின் தொப்பியாயிற்று. 1944இல் அமைப்பின் பெயரே நாட்டுக்குத் தொண்டாற்றும் பேஸ்போற் சங்கம் என்ற பொருளில் மாறியது.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு இன்றியமையாதது. பேஸ்போல் என்பதற்கு "யக்யூ", அதாவது வெளிப்பந்து, என்ற யப்பானியச் சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே ஆக்கப்பட்டுவிட்டது. விளையாட்டை விரும்பிய ஒருவர் தம் மொழியில் அதற்கு ஓர் இடந்தேடியதன் பயன் அச்சொல். இன்றும் அது வழங்குகின்றது. 1943இன் சொற்களோ போருடன் தோன்றிப் போருடன் மறைந்தன. அன்பினாற் பிறக்கும் கலைச்சொல் மொழியை வளர்க்கும். ஆணையாற் பிறக்கும் கலைச்சொல் மக்களின் வாயைக் கட்டும். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபாடுடைய நமக்கும் இவ்வேறுபாடு மனங்கொளத்தக்கது.

இத்தகைய சூழலில் 28 சுற்று ஆட்டத்தை எவ்வாறு மதிப்பிடுவது? இரண்டு விடைகள் கூறப்படலாம்.

முதலாவது விடை இது: அவ்வாட்டம் படைவெறியின் வெளிப்பாடே. சமநிலையில் ஆட்டத்தை முடிப்பது போராட்ட உணர்வுக்கு இழுக்கு என்ற எண்ணம் அக்காலத்தில் மேலோங்கியிருந்தது. விழும்வரை நிற்றல், உடலை உள்ளத்தின் உரத்தால் வெல்லுதல் என்பன படைமுகாம்களிற் போதிக்கப்பட்ட அறங்கள். 344 பந்துகளை எறிந்த கை அவ்வறத்தின் எடுத்துக்காட்டு. மேலும், பகைநாட்டினரின் சாதனையும் இங்கு முறியடிக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி பொஸ்ரனில் நடந்த ஆட்டமொன்று 26 சுற்றுகள் நீடித்து, ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில், அதுவும் இருள் சூழ்ந்தமையால் நிறுத்தப்பட்டது.

இரண்டாவது விடை இதற்கு நேர்மாறானது: அரசியல் எதுவாயினும் ஆகுக, அன்று அரங்கில் நிகழ்ந்தது தூய விளையாட்டு, அதனை அரசியலோடு பிணைப்பது தவறு.

இவ்விரு விடைகளும் போதியன அல்ல என்பதே நமது கருத்து.

முதலாவது விடை விளையாட்டின் இயல்பை மறந்துவிடுகின்றது. விளையாட்டும் போரும் இரண்டுமே மோதல்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் போரில் எதிரி அழிதலே குறிக்கோள். விளையாட்டில் எதிரணி இல்லையெனில் விளையாட்டே இல்லை. எதிராளியின் திறமை உயருந்தோறும் ஆட்டமும் உயர்கின்றது. நிஷிசாவா ஒவ்வொரு முறையும் மேட்டில் ஏறி நின்றதற்கு நொகுச்சி காரணம். நொகுச்சி நின்றதற்கு நிஷிசாவா காரணம். ஒருவர் தளர்ந்திருப்பின் மற்றவரின் சாதனை அக்கணமே முடிந்திருக்கும். அன்று எறியப்பட்ட 655 பந்துகளையும் இருவரின் கூட்டுழைப்பு எனக் கூறுதலே பொருந்தும். பகைமையின் வடிவில் நிகழும் ஒத்துழைப்பு என விளையாட்டுக்கு வரைவிலக்கணம் கூறினால் அது மிகையாகாது. விதிகள் இருவரையும் ஒரே தன்மையாகக் கட்டுப்படுத்தின. வலியவனுக்கு வேறு, மெலியவனுக்கு வேறு என்ற நிலை அங்கில்லை. அன்றைய யப்பானிலே, ஏன், அன்றைய உலகிலேயே, மனிதர் உண்மையிற் சமமாக நின்ற இடங்கள் மிகச் சிலவே.

இதனாற்றான் சமநிலை என்னும் முடிவு ஆழ்ந்த பொருளுடையதாகின்றது. வெல்ல வேண்டும், அன்றேல் மாய வேண்டும் என்று கற்பித்த ஓர் அரசின் தலைநகரில், பதினெட்டு மனிதர் தம்மாலியன்ற அனைத்தையும் செய்து, ஒருவரும் வெல்லாமல், ஒருவரும் தோற்காமல் வீடு திரும்பினர். அதனால் எவருக்கும் இழிவு நேரவில்லை. வெற்றியின்றியும் உழைப்புக்கு மதிப்புண்டு என்பதை அம்மாலைப் பொழுது காட்டிவிட்டது. போர்வெறியர் கூற விரும்பாத செய்தி அது. ஆட்டக்காரர் அதனை எண்ணி ஆடினர் என்று நாம் கூறவில்லை. விளையாட்டின் அமைப்பிலேயே அச்செய்தி பொதிந்திருந்தது என்கிறோம்.

எனினும் இதைக்கொண்டு அச்சாதனையைப் புகழ்பாடி நின்றுவிடுதலும் சரியன்று. கை என்பது ஒரு தொழிலாளியின் உழைப்புக் கருவி. நொகுச்சி அந்த ஒரு பருவத்தில் 500 சுற்றுகளுக்கு மேற் பந்தெறிந்து 40 ஆட்டங்களில் வெற்றியீட்டினார். "இரும்புக் கை" என்ற புகழ்ப்பெயர் அவருக்குக் கிடைத்தது. உழைப்பவனின் உடலை இரும்பென்று போற்றும் சமுதாயம் அவ்வுடலுக்கு ஓய்வளிக்க மறந்துவிடுவதுண்டு. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் நாம் காணும் உண்மையே இது. வீரத்தைப் பாராட்டுவோர் அதன் விலையை யார் கொடுக்கின்றனர் என்றும் கேட்டல் வேண்டும்.

இரண்டாவது விடையாகிய "தூய விளையாட்டு" வாதம் இன்னும் வலுக்குறைந்தது. யப்பானியத் தொழின்முறைப் பேஸ்போல் வானத்திலிருந்து விழவில்லை. பத்திரிகை நிறுவனங்களும் இரயிற்பாதை நிறுவனங்களும் அணிகளின் உரிமையாளராயிருந்தன. யொமியூரி பத்திரிகையும், ஹன்ஷின், ஹன்கியூ இரயிற்பாதை நிறுவனங்களும் இதற்கு எடுத்துக்காட்டு. இலாபத்தின் பொருட்டு விளையாட்டை வளர்த்தோர், அரசு கைநீட்டியபோது அதனை மறுக்கும் நிலையில் இருக்கவில்லை. விளையாட்டுக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்று நம்பிய ஓர் அமைப்பு, அரசியல் தன் வாயிலுக்கு வந்தபோது அதனை அடையாளங் காணவும் இயலாது நின்றது. முதலிற் பெயர் போயிற்று. பின் உடை போயிற்று. பின் மொழி போயிற்று. ஒவ்வொன்றும் சிறிய விட்டுக்கொடுப்பே. விளையாட்டைக் காப்பாற்றுவதற்காகவே இவற்றுக்கு இணங்க நேர்ந்தது என நியாயங் கூறப்படுவதுண்டு. அந்நியாயத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அச்சுறுத்தலின் நடுவே வாழ்ந்தவரை அமைதியான அறையிலிருந்து குற்றஞ் சாட்டுதல் அறமாகாது. எனினும் விளைவை நோக்குதல் வேண்டும். 1944 நவம்பரில் ஆட்டங்கள் முற்றாக நிறுத்தப்பட்டன. விட்டுக்கொடுத்தவை அனைத்தும் விளையாட்டைக் காக்கவில்லை, ஆட்டக்காரரையும் காக்கவில்லை.

எயிஜி சவமுராவின் கதை இதற்குச் சான்று. 1934இல், பதினேழு வயதில், வருகை தந்த அமெரிக்க அணியின் புகழ்பெற்ற துடுப்பாட்டக்காரரான பேப் ரூத், லூ கெரிக் முதலியோரை அடுத்தடுத்து ஆட்டமிழக்கச் செய்தவர் அவர். படைக்குப் பலமுறை அழைக்கப்பட்டார். கைக்குண்டெறிந்து தோள் பழுதுற்றது. பந்தெறியும் ஆற்றல் குன்றியபின் அவருடைய அணி அவரை விலக்கியது. 1944 டிசெம்பர் 2ஆம் திகதி அவர் பயணஞ் செய்த கப்பல் அமெரிக்க நீர்மூழ்கியினால் மூழ்கடிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 27 வயது. அவர் பெயரால் 1947 முதல் சிறந்த பந்தெறிவாளருக்கு விருது வழங்கப்படுகின்றது.

நகோயா அணியின் இன்னொரு பந்தெறிவாளர் ஷினிச்சி இஷிமாரு. 1943 ஒக்ரோபரில் எதிரணிக்கு ஓர் அடிதானும் அடிக்க இடங்கொடாது ஓர் ஆட்டத்தை முடித்தவர். 1945 மே 11ஆம் திகதி, திரும்பி வராத தாக்குதலுக்கென அனுப்பப்பட்ட விமானமொன்றில் மாண்டார், வயது 22. புறப்படுமுன்னர் தோழரொருவருடன் பந்தெறிந்து பிடித்து விளையாடினார். செஞ்சோற்றுக்கடன் என்று இதனைப் பாடுவோர் பாடுக. மரணத்துக்குச் செல்லும் ஓர் இளைஞன் கடைசியாகத் தன் கையில் எடுக்க விரும்பியது பந்து என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. அரசு அவரிடமிருந்து அனைத்தையும் கேட்டது. அந்தச் சில நிமிட விளையாட்டு ஒன்றே அவருக்குச் சொந்தமாயிருந்தது.

யப்பானை மட்டும் குறைகூறி மறுகரையைப் போற்றுதலும் நேர்மையாகாது. 1942 ஜனவரி 15ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற், பேஸ்போல் நிருவாகத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், ஆட்டங்களைத் தொடர்ந்து நடத்துவதே நாட்டுக்கு நன்று என்ற கருத்தைத் தெரிவித்தார். மக்கள் முன்னரிலும் நீண்டநேரம் கடுமையாக உழைக்கப் போகின்றனர். அவர்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். அங்கு விளையாட்டுக்குக் காக்கி உடை அணிவிக்கப்படவில்லை, அவ்வேறுபாடு சிறிதன்று. ஆயின் அதே பெரும் அமைப்பில் கறுப்பினத்தவர் ஆட இடமிருக்கவில்லை. 1947இல் ஜாக்கி ரொபின்சன் களமிறங்கும்வரை அக்கதவு அடைபட்டேயிருந்தது. சனநாயகத்தின் பெயரால் போரிட்ட நாட்டின் விளையாட்டரங்கிற் சனநாயகம் இருக்கவில்லை.

இன்னுமொன்று. 1942 பெப்ரவரி 19ஆம் திகதி ரூஸ்வெல்ற் பிறப்பித்த ஆணையின்படி, யப்பானிய வம்சாவளியினர் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடுவாசல்களினின்றும் பெயர்க்கப்பட்டு முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அரிசோனாப் பாலையிலிருந்த கிலா ரிவர் முகாமில் கெனிச்சி செனிமுரா என்பவர் தோழருடன் சேர்ந்து புதர்களை வெட்டி, நிலத்தைச் சமப்படுத்தி, ஒரு பேஸ்போற் களத்தை அமைத்தார். அதனை அமைக்குமாறு எந்த அரசும் ஆணையிடவில்லை. எந்த நிறுவனமும் இலாபம் ஈட்டவில்லை. நாடும் உரிமையும் பறிக்கப்பட்ட மக்கள், தாம் இன்னும் மனிதரே என்பதைத் தமக்குத்தாமே எடுத்துக்காட்டிக்கொள்ள ஆடினர்.

இப்போது நமது தொடக்க வினாவுக்கு விடை காணலாம். விளையாட்டு சமுதாயத்தின் விளைபொருள் என்று கூறுவது ஓர் உண்மையை எடுத்துரைப்பது. விளையாட்டு அரசுக்குப் பணிபுரிய வேண்டும் என்று கூறுவது ஓர் ஆணையைப் பிறப்பிப்பது. முன்னையது ஆராய்ச்சியாளனின் கூற்று. பின்னையது அதிகாரியின் கூற்று. இவ்விரண்டையும் மயங்க வைத்தலே படைவெறியர் கையாண்ட தந்திரம். முற்போக்குக் கருத்துடையோரும் சிற்சில வேளைகளில் இம்மயக்கத்துக்கு ஆளாகியுள்ளனர். சமுதாயம் என்ற சொல்லால் மக்களைக் குறிக்கின்றோமா, அன்றி மக்களின் பெயரால் ஆளுவோரைக் குறிக்கின்றோமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளல் வேண்டும். விளையாட்டு அதனை ஆடுவோருக்கும், உழைத்துக் களைத்துக் கூடிநின்று பார்ப்போருக்கும் உரியது. அதன் சமுதாயப் பயன் அதுவே. அவர்களை ஆயுதமாகவோ பண்டமாகவோ ஆக்கும் கணத்தில், எத்தனை உயர்ந்த இலட்சியத்தின் பெயர் சூட்டப்படினும், அது விளையாட்டாக இருப்பதை நிறுத்திவிடுகின்றது. விளையாட்டு வினையாகும் என்று நம் முன்னோர் கூறினர். வினையாக்குபவர் யார் என்று கேட்பது நம் பங்கு.

ஆசிரியராகிய நாம் விளையாட்டு ஒழுக்கத்தைக் கற்பிக்கின்றது என்று மாணவர்க்கு அடிக்கடி கூறுகின்றோம். எவ்வொழுக்கத்தை என்று கூறுவதில்லை. அணிவகுத்து நிற்கவும், ஆணைக்குப் பணியவும், எதிர்த்தரப்பை இகழவும் பழக்குவதும் ஓர் ஒழுக்கமே. அதன் முடிவை 1945இன் யப்பான் கண்டது. எதிராளி இன்றித் தனக்கு ஆட்டமில்லை என்பதையும், விதி இருவர்க்கும் ஒன்றே என்பதையும், வெல்லாதவன் இழிந்தவனல்லன் என்பதையும் உணர்த்துவது வேறோர் ஒழுக்கம். மாணவருக்கு நாம் இதனைக் கற்பிக்கின்றோமா என்பதே கேள்வி.

நொகுச்சியும் நிஷிசாவாவும் போரிலிருந்து உயிருடன் மீண்டனர். நிஷிசாவா பந்தெறிதலைக் கைவிட்டுத் துடுப்பாட்டக்காரராகி 1952இல் முதலிடம் பெற்றார். தாய்யோ அணியோ 1943இல் வேறு பெயர் பெற்று அவ்வாண்டுடன் கலைந்துபோயிற்று. கொராக்குவென் அரங்கும் இன்று இல்லை. அது நின்ற இடத்தின் அருகே, போரில் மாண்ட ஆட்டக்காரருக்கென 1981இல் எழுப்பப்பட்ட நினைவுக்கல்லில் அறுபதுக்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சவமுராவும் இஷிமாருவும் அவற்றுள் அடங்குவர். அக்கல்லில் எந்த அணி வென்றது என்ற குறிப்பு இல்லை. வெற்றியைத் தவிர வேறெதனையும் ஏற்காத ஓர் அரசு தன் மக்களுக்கு விட்டுச்சென்றது அப்பெயர்களையே. நான்குக்கு நான்கு என முடிந்த அவ்வாட்டமோ, எவரையும் வீழ்த்தாமலே மனிதர் தம் முழு ஆற்றலையும் காட்டுதல் கூடும் என்பதற்குச் சான்றாக இன்றும் நிற்கின்றது.